பெட்டி பேச வேண்டும்

பழைய மதர்போர்டுக்குச் சவுண்ட் டிரைவர் தேடுவது, கல்யாணம் முடிந்து இருபது வருடம் கழித்துச் சீர்ப் பாத்திரம் ஒன்று குறைகிறது என்று பஞ்சாயத்துக்குப் போவது மாதிரி. கொடுத்தவர் இருக்க மாட்டார், வாங்கியவருக்கு ஞாபகம் இருக்காது, எழுதி வைத்த தாளைக் கரையான் தின்றிருக்கும். ஆனாலும் யாராவது ஒருவர் வந்து நின்று, இன்றைக்கே வேண்டும் என்பார்.

எனக்கு இந்த வேலை சலித்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. கம்பத்தில், திராட்சைக்கு அட்டைப்பெட்டி விற்கிற கடைக்கும் எஸ்டேட் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஒற்றை அறை. அதுதான் என் கடை. ஒரு காலத்தில் ஜீப் கிளம்பும்வரை ஜனங்கள் என் வாசலில் நின்று புதுக் கம்ப்யூட்டரை வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டத்தான் ஆள் வருகிறது. அதையும் குமிழ் விழாமல் ஒட்ட என் கண் ஒத்துழைப்பதில்லை. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் ஒரு பட்டை கொடுத்து, குனிந்து வேலை பார்க்கக் கூடாது என்றார். கம்ப்யூட்டர் மெக்கானிக் குனியாமல் என்ன வேலை பார்ப்பது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடையைத் திறக்கும்போது ஃபோன் அடித்தது. கடமலைக்குண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அங்கே ஆறு கம்ப்யூட்டர்கள் நான்தான் போட்டுக்கொடுத்தேன். ஐந்து செத்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்றைப் பற்றித்தான் ஃபோன்.

"பாய், நான் இங்கன சோசியல் டீச்சர் பேசுறேன். ஒங்க பெட்டி ஒண்ணு கெடக்குல்ல, அதுல சத்தம் வரல."

"என்ன டீச்சர், பள்ளிக்கூடத்துல பாட்டுக் கேக்கப் போறீகளா?" என்றேன். நாள் பூராவும் வியாபாரம் இல்லாத எரிச்சலில் எல்லோரையும் கிண்டல் செய்கிற புத்தி எனக்கு உண்டு.

"எனக்குக் கண்ணு தெரியாது பாய். அது பேசுனாத்தான் எனக்கு வேலை ஓடும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. எழுத்தைத் தட்டினால் எழுத்தைச் சொல்லும், வரியில் நின்றால் வரியை வாசிக்கும். டீச்சர் அதை வைத்துத்தான் தன் எழுத்து வேலை எல்லாவற்றையும் செய்து வந்தார். சொந்த லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி அது போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் புதிதாக வாங்க வழியில்லை. மூலையில் கிடந்த என் பெட்டியைத் தூசி தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ அதில் புது விண்டோஸை ஏற்றியிருந்தார்கள். ஏற்றியதிலிருந்து அது ஊமை.

ஃபோனில் தட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக் கேள்வித்தாளை அவர்தான் தயாரிக்க வேண்டும். வரைபடம், அட்டவணை, பொருத்துக என்று நான்கு பக்கம். ஃபோனில் அதைக் கட்டி மேய்க்க முடியாது. போன வருடம் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் டைப் செய்து கொடுத்தார். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே கேள்விகள் டியூஷனில் உலவின. யார் வெளியே விட்டது என்று யாரும் தேடவில்லை.

"கண்ணு தெரியாதவுகட்ட குடுத்தா இப்படித்தான்னு முடிச்சுட்டாக பாய்," என்றார். "இந்த வருசம் இன்னொருத்தர் கண்ணு படாம நானே போடுறேன்னு எச்.எம். கிட்ட கேட்டு வாங்கியிருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா வேற டீச்சருக்குப் போயிரும். ஒரு தடவை போச்சுன்னா அம்புட்டுதான், திரும்பி வராது."

அனுப்புங்கள் என்றேன். மறுநாள் காலை, வருசநாட்டுப் பேருந்தில் ஏற்றி, தேனியில் கண்டக்டர் கைமாற்றி, கம்பம் பேருந்தில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து, பெட்டி வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் முருங்கைக்காயிலிருந்து மூக்குக் கண்ணாடி வரை இப்படித்தான் பயணம் செய்யும். பழைய போர்வையில் சுற்றி, கயிற்றால் கட்டி, முடிச்சைக் கெட்டியாகப் போட்டிருந்தார்கள். அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆனது.

மூடியைக் கழற்றினால் உள்ளே வருசநாட்டுச் செம்மண் பாதி, பல்லி முட்டை மீதி. பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் பவர் பட்டனை அமுக்கினேன். உயிர் வந்தது. கன்ட்ரோல் பேனலில் போய்ப் பார்த்தால், ஒலி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. என்னிடம் என்ன பொருள் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிற அடையாளம் அது. டிரைவர் என்பது அந்த அறிமுகத்தைச் செய்து வைக்கிற சின்ன மென்பொருள். இவன்தான் இன்னார் மகன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா, அதுதான்.

அந்த மதர்போர்டோடு வந்த டிரைவர் சி.டி. என்னிடம் இருந்தது. நான் எதையும் தூக்கிப் போடாதவன். அதற்காக வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறவன். சி.டி.யைக் கண்டுபிடித்துத் துடைத்துப் போட்டால், அது பழைய விண்டோஸுக்கானது. புதிதைப் பார்த்து, இது எனக்கு ஆகாது என்று மறுத்துவிட்டது. போர்டில் ஒலிக்கான சில்லு ஒன்று உளுந்து அளவில் இருக்கும்; அதன் முதுகில் எண் பொறித்திருப்பார்கள். கண்ணாடி போட்டும் தெரியவில்லை. ஃபோனில் படம் பிடித்துப் பெரிதாக்கி வாசித்தேன். அந்த எண்ணை வைத்து இணையத்தில் தேடினால், போர்டு செய்தவர்கள் அந்த மாடலையே கைகழுவிப் பல வருடம் ஆகியிருந்தது. மற்ற தளங்களில் பச்சை நிறத்தில் ஐந்து 'டவுன்லோடு' பட்டன்கள் இருக்கும். நான்கு பொய். ஐந்தாவது, உங்கள் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட கோளாறு இருக்கிறது, காசு கட்டினால் சரிசெய்கிறேன் என்று மிரட்டும். அதை ஒழித்துக்கட்டவே மத்தியானம் ஆகிவிட்டது.

பொது டிரைவர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் வந்தது. ஆனால் கடைசல் பிடித்ததுபோல் கரகரவென்று, சொல்லுக்குச் சொல் திக்கியது. பாட்டுக் கேட்கிறவனுக்கு அது போதும். கேட்டே வேலை செய்கிறவருக்கு ஆகாது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வர வேண்டியதில்லை, வந்தேன். முதலில் மதர்போர்டின் அடிப்படை டிரைவர்களை ஏற்றி, பிறகு பழைய ஒலி டிரைவரைப் பழைய விண்டோஸ் போல நடித்துக் காட்டி ஏமாற்றி ஏற்றி, அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, எத்தனை முறை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கழுத்துப் பட்டைக்குள் வேர்த்து அரித்தது. ஒரு வழியாக மஞ்சள் முக்கோணம் காணாமல் போனது.

கடையில் கிடந்த ஸ்பீக்கரைச் செருகி, அந்த வாசிக்கும் மென்பொருளை ஓட்டினேன். ஜலதோஷம் பிடித்தவர் தமிழ் வாசிப்பது போல் ஒரு குரல், ஆனால் தெளிவாக, திக்காமல், "டெஸ்க்டாப்" என்றது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. டீச்சரைக் கூப்பிட்டு ஃபோனை ஸ்பீக்கரிடம் காட்டினேன்.

"பேசுது பாய்," என்றார். சிரிப்பது கேட்டது.

திங்கட்கிழமை பெட்டியைக் கட்டி, அதே வழியில் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபோன்.

"பாய், பேசல."

"முந்தாநாளு பேசுச்சே டீச்சர்."

"ஒங்க கடையில பேசுச்சு. இங்கன பேசல."

மேடு பள்ளத்தில் குலுங்கிப் போன பெட்டி, ஏதாவது வயர் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் பேருந்தேறினேன். தேனியில் இறங்கி, முக்கால் மணி நேரம் நின்று, வருசநாட்டுப் பேருந்தில் கடைசி சீட் கிடைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் அறை என்பது பழைய அலமாரிகளும் உடைந்த பெஞ்சுகளும் அடைத்த ஓர் அறை. ஜன்னலோரம் அந்தப் பெட்டி. டீச்சர் பக்கத்தில் நின்றார். நாற்பது வயது இருக்கும். கைப்பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துக் கொடுத்தார். கேள்வித்தாளை ஸ்பீக்கரில் வாசிக்கவிட்டால் வராந்தாவில் போகிற பிள்ளைகள் எல்லாம் கேட்பார்கள், அதனால் ஹெட்ஃபோன்தான். வைத்துவிட்டுப் போனால் காணாமல் போய்விடும் என்று வேலை முடிந்ததும் பையில் போட்டுக்கொள்வாராம்.

வயர்களை எல்லாம் அழுத்திவிட்டு, நானே போட்டேன். ஹெட்ஃபோனைச் செருகினேன். பேசியது.

"இந்தா, பேசுதுல்ல," என்று அவர் காதில் மாட்டினேன்.

கேட்டுவிட்டு, "ஆமா, பேசுது," என்றார். அவர் முகத்தில் குழப்பம். "காலையில நாலு தடவை போட்டுப் பாத்தேன் பாய். பேசவே இல்ல."

"லூஸ் கனெக்‌ஷனா இருந்திருக்கும். அழுத்திவிட்டுட்டேன்."

கம்பத்துக்குத் திரும்பும்போது கடைத்தெருவில் ஷட்டர்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி ஃபோன். பேசவில்லை.

உள்ளபடி சொல்கிறேன், எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. நான் போனால் பேசுகிறது. அவர் தொட்டால் பேசவில்லை. சட்டியில் இல்லாததா அகப்பையில் வந்தது? கீபோர்டில் ஏதோ தவறான கீயைத் தட்டுகிறார், ஒலியைத் தானே குறைத்துக்கொள்கிறார், அல்லது செருகத் தெரியாமல் வேறு துளையில் செருகுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஃபோனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதான் அவருக்குக் கடைசி நாள். காலையில் கிளம்பும்போது என் வீட்டுக்காரி, "ஜும்ஆவுக்கு இருக்க மாட்டீகளா? அந்தப் பெட்டி என்ன ஒங்க மச்சானா?" என்றாள். மச்சானாக இருந்தால் இந்நேரம் உறவை வெட்டியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் எச்.எம். என்னை எதிர்பார்த்து வராந்தாவில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. பரீட்சை வேலை தலைக்கு மேல் இருப்பவர். அவரும் டீச்சரும் பின்னால் நிற்க, நான் போய்ப் பெட்டியைப் போட்டேன், ஹெட்ஃபோனைச் செருகினேன், பேசியது. அணைத்து இன்னொரு முறை போட்டுக் காட்டினேன். பேசியது.

"பாய், ஒரே வார்த்தையில சொல்லுங்க. பெட்டி நல்லா இருக்கா, இல்லையா?"

"பெட்டில ஒரு குத்தமும் இல்ல சார்."

"அப்ப டீச்சர் போட்டா ஏன் வரல?"

அப்போது நான் சொன்னது இன்றைக்கும் என்னை முள்ளாக உறுத்துகிறது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான் சார்," என்றேன். மெதுவாகச் சொன்னதாக நினைப்பு. அந்த டீச்சரின் காதுக்கு எது மெது?

அவர் ஹெட்ஃபோன் வயரைச் சுற்றி, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தார்.

எச்.எம். தயங்கித்தான் சொன்னார். "டீச்சர், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீக. நேரம் இல்ல. எட்டாம் வகுப்பு எடுக்குற டீச்சர்ட்ட இந்தத் தடவை வரலாறையும் போட்டுத் தரச் சொல்லிர்றேன். ஒங்களுக்கும் செரமம் இல்ல."

"சரிங்க சார்," என்றார் டீச்சர். இருவரும் போய்விட்டார்கள். என்மேல் பழி இல்லை என்று ஆனதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

அந்தத் திருப்தியோடு வாசலுக்கு வந்தால் பேருந்து போயிருந்தது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. வெயிலில் நிற்க முடியாமல் திரும்பி வந்து கம்ப்யூட்டர் அறையிலேயே ஒரு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தேன். கழுத்து விண்ணென்று தெறித்தது. இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று அந்த வாரத்தில் பத்தாவது முறையாக நினைத்தேன். மணி அடித்தது, அடுத்த பாடவேளை தொடங்கியது. டீச்சர் உள்ளே வந்தார்.

"பாய், இருக்கீகளா?"

"இருக்கேன் டீச்சர். பஸ்ஸு போயிருச்சு."

"எனக்கு இப்ப வகுப்பு இல்ல." நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை நான் போடுறேன். நீங்க எதையும் தொடாதீக. கையக் கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

என்ன இருந்தாலும் வேறு வேலை இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பவர் பட்டனைத் தேடவில்லை. கை நேராகப் போனது. ஒற்றை பீப் ஒலி. பெட்டிக்குள்ளே மின்விசிறி இரைந்து, பிறகு தணிந்தது. "இப்ப விண்டோஸ் வந்திருக்கும்," என்றார். வந்திருந்தது. பைக்குள்ளிருந்து ஹெட்ஃபோனை எடுத்து, விரலால் தடவி, சரியான துளையில், நான் செருகுவதைவிடப் பக்குவமாகச் செருகினார். கையை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

சத்தம் இல்லை.

நான் குழம்பிப்போய்த் திரையைப் பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டியபடிதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஹெட்ஃபோனிலிருந்து அந்த ஜலதோஷக் குரல் மெல்லக் கசிந்தது. "பாத்தீகளா, வந்திருச்சு!" என்றேன்.

டீச்சர் அசையவில்லை. "இப்ப டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே. அது என்ன பாய்?"

"எந்தச் சத்தம்?"

"மவுஸு சத்தம். ஒங்க பக்கத்துல இருந்து வந்துச்சு. புதன்கிழமையும் கேட்டுச்சு. காலையில சார் நிக்கையிலயும் ரெண்டு தடவை கேட்டுச்சு."

என் கையைப் பார்த்தேன். அது மவுஸின் மேல் இருந்தது. கட்டிக்கொண்டிருந்த கை எப்போது அவிழ்ந்து அங்கே போனது என்று அல்லா அறிய எனக்குத் தெரியாது.

"ஒண்ணுமில்ல டீச்சர், ஓகே குடுத்திருப்பேன்."

"எதுக்கு ஓகே?"

பிடுங்கி மறுபடி செருகச் சொன்னேன். இந்த முறை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டேன். அவர் செருகினார். திரையின் வலது கீழ் மூலையில், தபால் தலை அளவில், ஒரு பெட்டி எழுந்து வந்தது. இந்தத் துளையில் இப்போது எதைச் செருகினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஸ்பீக்கரா, ஹெட்ஃபோனா, மைக்கா. கீழே ஓகே. யாராவது ஓகே கொடுக்கும்வரை அந்தப் பழைய டிரைவர் ஒரு பொட்டுச் சத்தத்தையும் வெளியே விடுவதில்லை. கீபோர்டில் என்டர் தட்டினாலும் அதற்குப் போய்ச் சேராது. மவுஸால் தொட வேண்டும்.

முப்பது வருடமாக நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஓகே என்று அமுக்கி அமுக்கிப் பிழைத்த கை இது. என்ன கேட்கிறது என்று வாசிப்பதே கிடையாது. எங்கள் தொழிலில் யாரும் வாசிப்பதில்லை. கேள்வி வந்ததே எனக்குப் பதிவாகாமல், கை அதுபாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. கடையில், புதன்கிழமை, காலையில் எச்.எம். முன்னால். டீச்சர் தனியாக உட்காரும்போது அந்தக் கேள்வி திரையில் நின்றபடியே நின்றிருக்கிறது. சத்தம் வந்தால்தான் அப்படி ஒரு கேள்வி இருப்பது அவருக்குத் தெரியும். கேள்விக்குப் பதில் சொன்னால்தான் சத்தம் வரும்.

அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அப்ப நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன்," என்றார்.

"ஆமா டீச்சர். ஆரம்பத்துல இருந்தே நீங்க சரியாத்தான் செஞ்சீக."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவர் துடைத்தது கண்களை.

செருகும்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேள் என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் இருந்த டிக்கை எடுத்தேன். அவ்வளவுதான் வேலை, மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்காக ஒரு வாரம், இரண்டு பயணம், ஒரு பழமொழி. அவரையே ஆறு முறை அணைத்துப் போட வைத்தேன். ஆறு முறையும், நான் ஜன்னலோரம் தள்ளி நிற்க, செருகிய உடனே பேசியது.

எச்.எம். அறைக்கு நான் தனியாகப் போனேன். தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், காலையில நான் சொன்னது தப்பு. குத்தம் பெட்டியிலயும் இல்ல, டீச்சர்ட்டயும் இல்ல. என் கையில."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அட என்ன பாய் நீங்க. நான் எட்டாம் வகுப்பு டீச்சர்ட்ட சொல்லிட்டேனே. இப்பப் போய்த் திரும்பக் கேட்டா அவுக என்ன நெனப்பாக?"

"நான் சொல்றேன் சார்."

"எங்க, ஸ்டாஃப் ரூம்லயா?"

"அங்கனதான் சார்."

ஆசிரியர் அறையில் ஐந்து பேர் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்திருந்தார்கள். எச்.எம். என்னை அறிமுகப்படுத்த வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிற மெக்கானிக் நான்தான், எனக்கே தெரியாமல் ஓகே அமுக்கிக்கொண்டிருந்தேன், அது தெரியாமல் டீச்சரைக் குறை சொல்லிவிட்டேன், அவர் பக்கம் ஒரு தவறும் இல்லை என்றேன். ஒருவர் சாம்பார் சாதத்தோடு சிரித்துவிட்டு, "முப்பது வருசமா இப்படித்தான் ரிப்பேர் பண்றீகளா பாய்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எட்டாம் வகுப்பு டீச்சர் பையிலிருந்து ஒரு பாடப் பட்டியலை எடுத்து எச்.எம்.மிடம் நீட்டி, "எனக்கு ஒரு வேலை மிச்சம் சார்," என்றார்.

எச்.எம். பட்டியலை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு என்னோடு வந்தார். வாசலில் நின்றபடியே, "டீச்சர், வரலாறு நீங்களே போடுங்க. சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் ஆபீசு தொறந்து வச்சிருப்பேன்," என்றார். காலையில் எடுத்துக்கொண்டதற்கு வருத்தம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். தாள் எண்ணப் போய்விட்டார்.

டீச்சர் நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு காதை மட்டும் திறந்து வைத்தார். விரல்கள் கீபோர்டில் ஓடத் தொடங்கின. திரையில் பள்ளியின் பெயர், வகுப்பு, பாடம், மதிப்பெண் என்று தலைப்பு வரிகள் நடுவில் வரிசையாக வந்து நின்றன. ஒரு பிழை இல்லை. நான் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தேன், தேவையில்லாத ஒரு வயரைச் சுருட்டினேன், பிறகும் நின்றேன். பேருந்துக்கு நேரம் இருந்தது. என் பெட்டியில் அவர் வேலை செய்வதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தது. 'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக' என்ற வரி வந்தது. முதல் கேள்வியின் எண்ணைத் தட்டிவிட்டு அவர் கை நின்றது.

"பாய், போயிட்டீகளா?"

"இல்ல டீச்சர். இங்கனதான் நிக்கேன்."

"மானிட்டர அணைச்சிட்டுப் போங்க," என்றார். "கேள்வித்தாளாச்சே."

போய் அணைத்தேன். திரை கறுப்பானது. நான் வாசலைத் தாண்டி வராந்தாவில் இறங்கும்வரை அவர் காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கீபோர்டுச் சத்தம் மறுபடி தொடங்கியது.